பத்மா அக்கா தராத பாதை

தவணைப் பரீட்சை மேற்பார்வையில் நின்றபோது தவமணியின் அழைப்பு வந்தது. பாடசாலை நேரத்தில் அவர் என்னை அழைப்பதில்லை. விறாந்தைக்கு வந்து எடுத்தேன்.

"ரீச்சர், பத்மா அக்கா எங்களை விட்டுப் போட்டா."

"எப்ப?"

"விடியப்புறம். வவுனியாவிலயிருந்து இப்பதான் சொன்னவை." பிறகு, "ரீச்சர், இனிப் பாதை என்னவாகும்?" என்று கேட்டார்.

தவமணியைத் தெரியாதவர்கள் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். பத்மா அக்காவின் கடைசி மாதங்களில் சமைத்துக் கொடுத்தவரும் குளிக்க வார்த்தவரும் அம்புலன்ஸில் கூடப் போனவரும் அவர்தான். பத்மா அக்கா கடைசிவரை கவலைப்பட்ட விடயம் பாதை ஒன்றுதான் என்பதால் அப்படிக் கேட்டார். நான் மண்டபத்துக்குத் திரும்பி, மணி அடித்ததும் விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த நினைவு மலர் முப்பத்தோராம் நாள் வீட்டில் உங்கள் கைக்கு வரும். எழுதித் தரும்படி கேட்ட எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ராசலிங்கம், "நல்லதா நாலு வசனம் ரீச்சர்" என்றார். நடந்ததை எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகக் காணியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும்.

நெடுங்கேணியிலிருந்து உள்ளே வந்தால், எங்கள் குடியிருப்புக்கும் குளத்துக்கும் நடுவே கிடப்பது பத்மா அக்காவின் காணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய அப்பப்பா காடு வெட்டித் திருத்தியது. அதன் நடுவால் ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. வயலுக்கும் குளத்துக்கும் சுடலைக்கும் நாங்கள் அதால்தான் போகிறோம். வீதியால் போனால் பெரிய சுற்று. மாரியில் வீதி வெள்ளத்துக்குள் கிடக்கும். போர் முடிந்து முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அந்தக் காணி முழுவதும் பற்றை. மிதிவெடி எடுத்து முடிந்ததும் கத்தியோடு போனவர்கள் பழைய பாதை கிடந்த இடத்திலேயே வெட்டிக்கொண்டு போனார்கள். காணிக்காரர் இங்கிலாந்தில் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் எவரும் யோசிக்கவில்லை.

சில ஆண்டுகளில் காணிக்காரர் வந்தார். அறுபதைத் தாண்டிய, கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிரோடு ஒரு பெண். சங்கக்கடை வாசலில் நின்று, "கிராமசேவகற்ற கந்தோர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அலுவலகத்தைக் கந்தோர் என்று யாரும் சொல்லிக் கேட்டு எவ்வளவோ காலம். நாலு வயதில் கப்பலேறியவர். அவருடைய தமிழ் முழுக்கத் தாயாரிடம் கேட்டது. தாயாருக்கும் அந்த இங்கிலாந்துக் கிராமத்தில் வீட்டுக்கு வெளியே தமிழ் பேச ஆளில்லை. அதனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத் தமிழ் அப்படியே அவரிடம் இருந்தது. "லண்டன்காரி எண்டாங்கள்," என்றார் ராசலிங்கம், "இவ எங்கட அப்புவின்ர தங்கச்சி மாதிரியெல்லோ கதைக்கிறா!"

வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பற்றி எனக்கென்று ஒரு கணிப்பு உண்டு. கோயிலுக்கு ஒரு வளைவு கட்டுவார்கள், பெயர்ப்பலகை திறப்பார்கள், வெயில் ஏறப் போய்விடுவார்கள். முதற் சந்திப்பிலேயே இதைச் சொல்லி, "நீங்கள் எப்ப திரும்பிப் போறியள்?" என்று கேட்டேன்.

"நீர் எப்ப போறீர்?" என்றார். கோபமில்லை. தகவல் கேட்பவர் மாதிரித்தான் கேட்டார். அன்றிலிருந்து நான் அவருடைய முற்றத்துக்குப் போகத் தொடங்கினேன். பின்னேரங்களில் கச்சான் கடலைக் கோது உடைத்துக்கொண்டு இருப்போம். அவர் பேசுவார், நான் அதிகமும் கேட்பேன்.

அவர் வளர்ந்த கிராமம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. ஆட்டுப் பட்டிகள், கல்லால் கட்டிய வீடுகள், ஒரு தேவாலயம், தபால் வேலையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு கடை, இரண்டு அறைப் பள்ளிக்கூடம். நகரத்து வைத்தியசாலைகளில் வேலை கிடைக்காத அவருடைய தகப்பனார், வேறு டொக்டர்கள் போக விரும்பாத அந்த ஊருக்குப் போனார். "எங்களை ஒருத்தரும் கலைக்கேல்லை. ஒருத்தரும் கூப்பிடவுமில்லை" என்பார் பத்மா அக்கா. "வருத்தம் வந்தால் வருவினம். அங்க குளிரில வருத்தத்துக்குக் குறைவில்லை. அப்பிடித்தான் ஊர்ச்சனத்தைப் பழகினது." குளிர்காலத்தில் படுக்கையறைக் கண்ணாடியின் உட்பக்கமே உறைந்து போகுமாம். அதில் நகத்தால் அ, ஆ எழுதிப் பழகியிருக்கிறார்.

தாயார் குசினி யன்னலில் சாடிக்குள் மிளகாய் வளர்த்தார். ஊர் மண்டபத்தில் ஆண்டுதோறும் மரக்கறிப் போட்டி நடக்கும். வெள்ளை விரிப்பில் வெங்காயமும் பூசணியும் அடுக்கி வைத்துப் பரிசு கொடுப்பார்கள். கடைக்கார அம்மா மிஸிஸ் ஹார்ப்பர் வற்புறுத்தியதால் தாயாரும் ஒரு தட்டில் மிளகாய் வைத்தார். நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற இராணுவக்காரர். மிளகாயை எப்படிச் சோதிப்பதென்று அவருக்குத் தெரியாது. ஒன்றை முழுதாக வாயில் போட்டுக் கடித்துவிட்டார். பின்னேரம் அவரே டொக்டர் வீட்டுக்கு வந்தாராம், மருந்துக்கு. "மூண்டாம் பரிசு" என்றார் பத்மா அக்கா. "அந்த மனுசன் தின்னாமல் பாத்திருந்தால் முதற் பரிசெண்டு அம்மா சாகுமட்டும் சொல்லுவா."

அங்கே சந்தோசமாக இருந்தாரா என்று ஒருமுறை கேட்டேன். "சின்ன ஊர் தானே, இஞ்சத்தை மாதிரித்தான். சனம் சனத்தைப் பாத்துக்கொண்டிருக்கும்" என்றார். புகழவும் மாட்டார், புலம்பவும் மாட்டார்.

தகப்பனாரின் வேலிக் கதையையும் அந்த முற்றத்தில்தான் சொன்னார். டொக்டருக்குக் கொடுத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி. அதன் நடுவால் ஆட்கள் நடந்து போவார்கள். நாய்களைக் கூட்டிக்கொண்டு, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, சும்மாவும். வேலி இல்லாத வளவை யாழ்ப்பாணத்தில் எவர் மதிப்பார்? தகப்பனார் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டையும் புல்வெளியையும் விலைக்கு வாங்கிய ஆண்டே கட்டைகள் நட்டு முட்கம்பி அடித்தார். ஊர்ச்சனம் வழமைபோலக் காலை வணக்கம் சொல்லிற்று. மருந்துக்கும் வந்தது. கம்பியையும் ஏறிக் கடந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனுசி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு மேலால் கால் போட்டதைத் தகப்பனார் யன்னலில் நின்று பார்த்தாராம். தன்னை அவமதிக்கச் செய்கிறார்கள் என்று நினைத்தார். டொக்டர் தங்களை அவமதிக்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஊர்ப் பாதைகளைப் பதிகிற விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஊர் மண்டபத்தில் கதிரைகள் போட்டு எல்லோரையும் கேட்டார். பத்மா அக்கா சிறுமியாகத் தாயின் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். அந்தக் காணியைத் தகப்பனாருக்கு விற்ற பெரிய வீட்டு விதவை முதலில் எழும்பி, தன் நல்ல மனதால்தான் இவ்வளவு காலமும் சனம் நடந்தது என்றாராம். அந்த ஊரில் பாதிப்பேர் அவருடைய வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். தேவாலயத்தில் அவருக்கு முன் தொப்பியைக் கழற்றுபவர்கள். அவர்கள் ஒவ்வொருவராக எழும்பி, அவருடைய முகத்துக்கு நேரே, இல்லை என்றார்கள். நாங்கள் கேட்கவுமில்லை, நீங்கள் தரவுமில்லை என்றார்கள். கம்பிக்கு மேலால் கால் போட்ட மனுசி, தன் கலியாணத்துக்கும் புருசனின் சவ ஊர்வலத்துக்கும் அதால்தான் போனதாகச் சொன்னார். நல்ல மனதால் தந்தது என்று அன்று அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் பாதை போயிருக்கும். தந்ததைத் திரும்ப எடுக்கலாம் என்பதுதான் அங்கே சட்டம், இங்கேயும் அதேதான்.

"பாதை சனத்தின்ரதெண்டு முடிவாச்சு" என்றார் பத்மா அக்கா. "அடுத்த நாள் அப்பா தானே குறடொண்டை எடுத்துப் பாதையை மறிச்ச கம்பியைக் கழட்டினார். பிறகு கட்டையில ஒரு கடப்பு வைச்சவர், வயசு போனவை ஏறி இறங்க. எண்டாலும் வீடெண்டால் வேலி வேணுமெண்டு கடைசி மட்டும் முறைப்பாடுதான்."

இங்கே வந்தபின் அவருக்கும் எல்லோரும் அதே புத்தியைத்தான் சொன்னோம். முதலில் எல்லைக்கு வேலி அடையுங்கள், பாதையை மறியுங்கள், இல்லாவிட்டால் காணி உங்களுடையது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். நானும் சொன்னேன். அவர் எல்லைக்கு மட்டும் வேலி போட்டார். பாதை வருகிற இரண்டு இடத்திலும் ஆள் போக இடைவெளி விட்டார். தானும் தினமும் அதால் குளக்கட்டுவரை போய்வந்தார், ஒரு வேலையும் இல்லாமல். வேலையில்லாமல் நடக்கிற பெண்ணை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. "அக்காவுக்கு சீனி வருத்தமோ, டொக்டர் நடக்கச் சொன்னவரோ?" என்று தவமணி என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

நெஞ்சு வருத்தம் வெளிப்பட்ட பிறகு அவர் அவசரப்படத் தொடங்கினார். தனக்குப் பிறகு காணி லண்டனில் இருக்கிற அண்ணருக்குப் போகும். அதற்கு முன்னர் நில அளவையாளரைக் கொண்டு வரைபடத்தில் பாதையைப் பொதுப்பாதை என்று குறிக்க வைத்துவிட விரும்பினார். எனக்கு அது சுற்றுவழியாகத் தெரிந்தது.

"சங்கத்துக்கு எழுதிக் குடுத்தால் முடிஞ்சுதே அக்கா?"

"என்னட்டை இல்லாததை எப்பிடிக் குடுக்கிறது?" என்றார். "காணிதான் என்ர. பாதை உங்கட. நான் குடுத்தால் பிறகு உம்மட கோயில் வளைவு மாதிரித்தான். பேர் போட்டுப் பலகை திறப்பியள்."

எழுதிக் கொடுத்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவருடைய பிடிவாதத்தில் ஒரு பங்கு வெறும் பிடிவாதம்.

அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் கிராம அலுவலர் அவருடைய முற்றத்துக்கு வந்தார். ஊரைக் கூப்பிட்டு, பாதையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னார். எல்லோருக்கும் பத்மா அக்கா தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார். அங்கேதான் பிழைத்தது. ஒருவர் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, உங்கள் காணியில் எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று எங்கள் சனம் சொல்லாது.

ராசலிங்கம் எழும்பினார். "அக்கா பெரிய மனசுக்காரி. எங்களை நடக்க விட்டிருக்கிறா. அவ இல்லாட்டில் நாங்கள் ரோட்டாலதான் சுத்தவேணும்."

தவமணி, "ஒருநாளும் மறிச்சதில்லை. என்ர ஆடு கத்தரிக்கண்டைக் கடிச்சதுக்கும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்றார்.

இப்படியே ஒவ்வொருவரும். கிராம அலுவலர் நல்ல பொடியன். சொன்னதை எழுதினார், காணி உரிமையாளரின் அனுமதியோடு என்று. பத்மா அக்கா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"தம்பி, அதை வெட்டும்."

"சனம் அப்பிடித்தானே அம்மா சொல்லுது?"

"நான் விடேல்லை!" அவருக்கு மூச்சு வாங்கிற்று. "நான் வர முன்னமே நடந்தனீங்கள். என்ர அப்பா பிறக்க முன்னமும் ஆரோ நடந்திருக்கும். என்னட்டை ஆர் வந்து கேட்டது? சொல்லுங்கோ, ஆர் கேட்டது?"

ராசலிங்கம் சால்வையைத் தோளில் இருந்து எடுத்தார். "கேக்காமல் நடந்தது பிழைதானக்கா" என்றார். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

பத்மா அக்கா திரும்பக் கதிரையில் இருந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பா இளைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினேன். கிராம அலுவலர் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போனார். அந்த இன்னொரு நாளுக்குள் பத்மா அக்காவை வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

வைத்தியசாலையில் கடைசியாகப் பார்த்தபோதும் அதே கதைதான். "அவைக்குச் சொல்லிக் குடும்" என்றார்.

"என்னத்தை?"

"நன்றி சொல்லாமல் இருக்க."

"அது கஷ்டம் அக்கா. எங்கட சனத்துக்கு அது வராது."

"எங்கட ஊரிலயும் வராதுதான். அந்த ஒரு நாள் மட்டும் சொல்லாமல் விட்டவை."

எங்கட ஊர் என்று அவர் சொன்னால் சில நாள் இது, சில நாள் அது. எதுவென்று கேட்பவர்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

செத்தவீட்டுக்கு லண்டனிலிருந்து அண்ணர் வந்தார். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர், மரியாதையானவர். பெட்டியைப் பாதையால்தான் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் நாங்கள் படலையில் நின்றோம். படலைக்கு மேலே சங்கத்துப் பொடியள் கட்டிய பதாகை: பத்மா அக்காவின் படமும், அதன் கீழே பெரிய எழுத்தில் "பாதை தந்த தாயே" என்றும். சுடலையிலிருந்து திரும்பி வந்த அண்ணர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வந்தவர்கள் எல்லோரும் அவருடைய கையைப் பிடித்து, "உங்கட தங்கச்சி எங்களை நடக்க விட்ட புண்ணியவதி" என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

மூன்றாம் நாள் என்னோடு பேசினார், ஆங்கிலத்தில். காணியை முழுதாக அடைத்துத் தேக்கு வைக்க வவுனியாவில் ஒருவர் விலைக்குக் கேட்கிறாராம். இது சனத்தின் பாதை என்றால் அதை விலக்கி அளந்துவிட்டு விற்பதில் தனக்குத் தடையில்லை. ஆனால் சனமே தங்கையின் நல்ல மனதால் கிடைத்தது என்கிறது. நல்ல மனதைக் காணியோடு சேர்த்து எப்படி விற்பது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் நடந்த அந்த விசாரணையை நினைவுபடுத்தினேன். அன்று மண்டபத்தில் தந்த பிஸ்கற் மட்டும்தான் தனக்கு ஞாபகம் என்றார். முப்பத்தோராம் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் நில அளவையாளரும் கிராம அலுவலரும் வருகிறார்கள். சனம் சொல்வதுதான் எழுதப்படும். எழுதப்படுவதன்படி நடப்பதாக அண்ணர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று அக்காவுக்கு நன்றி சொல்லவேண்டாம் என்றதும் ராசலிங்கத்துக்குக் கோபம் வந்தது. "அந்த மனுசிக்கு நன்றி சொல்லக்கூடாதோ ரீச்சர்? நன்றி கெட்ட சனமெண்டு தமையன் நினைக்கமாட்டாரோ?"

"நினைக்கட்டும்" என்றேன்.

போன கிழமை முன்பள்ளிக் கட்டடத்தில் எல்லோரையும் கூட்டி ஒத்திகையாகச் சொல்லிப் பார்த்தோம். கிராம அலுவலராக நான் கேட்டேன். ராசலிங்கம் இரண்டு முறையும் "அக்காவின்ர தயவால" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார். பொடியள் சிரித்தார்கள். தவமணியிடம், "உங்களை நடக்க விட்டது ஆர்?" என்று கேட்டேன்.

"அக்கா..." என்று தொடங்கியவர் அழுதுவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தரும் விடேல்லை. என்ர மனுசனை அதாலதான் கொண்டு போனது. அதுக்கு ஆரைக் கேக்கவேணும்?"

திங்கட்கிழமை தவமணி இதே மாதிரிச் சொன்னால் போதும்.

பத்மா அக்காவை அறிந்த உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தப் பாதையால் நடந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். எப்போதிருந்து, எங்கே போக, யாரைச் சுமந்துகொண்டு நடந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பத்மா அக்காவின் பெயரை அன்று ஒருவரும் எடுக்கவேண்டாம். பதாகையைக் கழற்றும்படி ராசலிங்கத்திடம் சொல்லியிருக்கிறேன். ஓம் என்றார், இன்னும் கழற்றவில்லை.

பத்மா அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அதிகமில்லை. அந்தப் பின்னேரங்களின் பேச்சு, யாரையும் புகழாமல் ஒருவரோடு நெருங்கியிருக்கலாம் என்று கண்டது, அவ்வளவுதான். நன்றி சொல்ல எனக்கும் வாய் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். பத்மா அக்கா எங்களுக்குப் பாதை தரவில்லை. திங்கட்கிழமை இதை அவருடைய முற்றத்தில் நின்று, அவருடைய அண்ணரின் முகத்தைப் பார்த்து, முதல் ஆளாக நான் சொல்வேன்.